கிருமிகள் நமக்கு வைத்த பெயர்

கிருமிச்செவி வந்த பிறகு தூத்துக்குடியில் எந்த மருந்துக்கடையிலும் "ரெண்டு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று வாய்க்கு வந்தபடி கேட்டு வாங்க முடியாது. கல்லாவுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் அந்தக் கருவி இருக்கும். அதில் ஒரு சொட்டு எச்சிலோ ரத்தமோ விட வேண்டும். பாக்டீரியாக்கள் வேதிப்பொருளைக் கசியவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அது ஒட்டுக்கேட்டு, இன்ன இனம், இன்ன மருந்துக்குச் சாகும் என்று சொல்லிவிடும். முன்பெல்லாம் கண்ணாடித் தகட்டில் சாயம் ஊற்றி, தடித்த சுவருள்ள கிருமி ஊதா, மெல்லிய சுவருள்ளது சிவப்பு என்று பிரித்து, வளர்த்துப் பார்ப்பதற்குள் நோயாளி பாதி செத்திருப்பார்.

அந்தப் பேச்சைத் தமிழில் சொல்லக் கருவிக்குக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. இப்போது அவளுடைய கணவன் இன்னாசியே அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் சுருண்டு கிடந்தான். சிறுநீரகத்தில் புகுந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா ரத்தத்துக்கு வந்துவிட்டது. சிவப்புச் சாதி. கூட்டம் சேர்ந்ததும் பிசின் மாதிரி ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்ளும், மருந்து உள்ளே இறங்காது. கையில் இருந்த மருந்தெல்லாம் தோற்றுவிட்டன.

அவன் ரத்தத்தைக் கருவியில் விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் ஜெசிந்தா அதைக் கவனித்தாள். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரே சமிக்ஞை வந்தது. இத்தனை வருஷமும் இரைச்சல் என்று அவளே ஒதுக்கியது. ஆய்வகத்தின் மூத்தவர் பீர் முகமது பழைய நோயாளிகளின் பதிவுகளையெல்லாம் எடுத்து ஒப்பிட்டார். அது பாக்டீரியாவின் பெயரே இல்லை. அவை தங்கியிருக்கும் உடம்பின் பெயர்.

இரண்டே பெயர்கள்தான். மாத்திரையை முழுசாகச் சாப்பிடுகிறவர்களை அவை 'முடிப்பவர்' என்றன. மற்றவர்களை 'பாதியில் விடுபவர்' என்றன. முடிப்பவர் உடம்பில் கூட்டம் கூடினால் கூண்டோடு கைலாசம் என்று அவற்றுக்குத் தெரியும். அதனால் தனித்தனியாகப் பதுங்கிக் கிடந்தன. பாதியில் விடுபவர் உடம்பு கொண்டாட்டம். அங்கே தப்பிப் பிழைத்தது, மருந்தைச் சமாளிக்கும் வித்தையை மற்றவற்றுக்கும் கைமாற்றிவிடும்.

"அடேயப்பா" என்றார் பீர் முகமது. "நூத்தம்பது வருஷத்துக்கு மேல நாம அதுகள ஊதா, செவப்புன்னு பிரிச்சிக்கிட்டு இருக்கோம். அதுக நம்மள எப்பவோ பிரிச்சி முடிச்சிட்டு."

ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூளையில்லாத, கண்ணுக்குத் தெரியாத தூசு, மனிதனை இவ்வளவு சரியாக எடைபோட்டிருக்கிறது. இன்னாசிக்கு என்ன பெயர் என்று அவள் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, அதுக கிட்டப் பொய் சொன்னா என்ன?"

இருவரும் அந்தச் சமிக்ஞையை வேதிப்பொருளாகச் செய்து சலைனில் கலந்தார்கள். 'இந்த உடம்பு முடிப்பவருடையது.' சந்தை மாதிரி இரைந்துகொண்டிருந்த கருவி மெல்ல மெல்ல அடங்கியது. கூட்டம் கலைந்தது, போர்வை கரைந்தது. தோற்றுப்போன அதே பழைய மருந்து இப்போது வேலை செய்தது. மறுநாள் இன்னாசி ரசஞ்சோறு கேட்டான். ஜெசிந்தா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகளைக் கையில் திணித்தாள். "முழுசா முடிக்கணும், என்ன?"

"நீ டெல்லிக்குப் போயிட்டு வா ஜெசி. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

டெல்லி மாநாட்டில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவள் ஊர் திரும்புவதற்குள் எத்தனையோ நாடுகளில் அந்த ஒரு வாக்கியம் நோயாளிகளின் நரம்பில் இறங்கத் தொடங்கியிருந்தது.

வீட்டில் இன்னாசி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். மாத்திரை அட்டையில் பாதி அப்படியே இருந்தது.

"காய்ச்சல்தான் விட்டுட்டுல்லா ஜெசி. சும்மா எதுக்கு வயித்தப் புண்ணாக்கணும்னு..."

அவனை அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அதே படுக்கை, அதே சலைன், அதே வாக்கியம். இந்த முறை கருவி அடங்கவில்லை. இன்னும் இரைந்தது. திரையில் அவள் அகராதியில் இல்லாத புதுப் பெயர் ஒன்று ஓடியது. பிரித்துப் பிரித்துப் பார்த்து அவளே அதைத் தமிழாக்கினாள். 'முடிப்பேன் என்று சொல்பவர்.'

மூன்றாவது வகை. அவள் டெல்லிக்குப் போய்வந்த நேரத்துக்குள் அவை அதைக் கண்டுபிடித்து, பெயரும் வைத்துவிட்டன. இன்னாசி இனிப் பிழைக்க மாட்டான் என்பது அவளுக்கு விளங்கியது. அந்த நிலையிலும் அவற்றை நினைத்து வியக்காமல் இருக்க முடியவில்லை.

பீர் முகமது வேகமாக உள்ளே வந்து திரையைப் பார்த்தார். "கீழ பச்சப்பிள்ள ஒண்ணு, ஜெசிந்தா. நேத்துப் பொறந்தது. ரத்தத்துல இதே கிருமி. நம்ம சலைன ஏத்துறதுக்கு முந்தியே அதுக்கும் இந்தப் புதுப் பேருதான் வருது. எந்த மருந்தும் கேக்கல."

இன்னாசி சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தான்.

"அது இன்னும் ஒரு மாத்திரகூட முழுங்கலையே, ஜெசி."