ஏழாம் நம்பர் கால்குலேட்டர்

"எனக்கு முன்னாடி ஏழாம் நம்பர் கால்குலேட்டரை எடுத்துட்டுப் போனது நீங்கதானே?"

மாலைக் கல்லூரியின் நூலக வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்த, அங்கே படிக்கும் பஸ் டிரைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தான். எதிரே ஒரு நர்ஸ், அவளும் அங்கே மாணவிதான்... மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். கண்களில் மட்டும் அனல் பறந்தது. அப்படிப்பட்ட கண்களை அவன் பார்த்ததே இல்லை.

"ஆமா... ரிஜிஸ்டர்ல இருக்கறது என் கையெழுத்துதான்."

"என் தலையெழுத்தையும் சேர்த்து மாத்திட்டீங்க!"

நூலகக் கால்குலேட்டரைத் திருப்பித் தருமுன் அதில் பதிந்த எண் பட்டியல்களை அழிக்கவேண்டும். இவன் அழிக்கவில்லை. தேர்வில் அவள் முதல் பட்டியலில் ஐந்து எண்களையும் இரண்டாவதில் அவற்றின் நிகழ்தகவுகளையும் அவசரமாக அடித்தபோது, இவனுடைய பழைய எண்கள் அடியில் அப்படியே கிடந்து, அவையும் கணக்கில் சேர்ந்துகொண்டன. இரண்டு என்று வரவேண்டிய எதிர்பார்ப்பு மதிப்பு, மூன்று புள்ளி இரண்டு என்று வந்து தொலைத்தது. மூன்றே மதிப்பெண்ணில் ஃபெயில். மறுதேர்விலும் கோட்டைவிட்டால் தலைமை நர்ஸ் பதவி கைநழுவிப் போய்விடும். எல்லாவற்றையும் படபடவென்று அவனிடம் கொட்டினாள்.

"தப்புதான், மன்னிச்சுடுங்க... ஆனா நிகழ்தகவோட மொத்தம் ஒண்ணுக்கு மேலன்னு அதே திரையில காட்டியிருக்குமே? அது ஒண்ணைத் தாண்டலாமா? நீங்க பாக்கலையா?"

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செய்யறதையும் செஞ்சுட்டு பாடம் வேற எடுக்கறீங்களா?"

"மறுதேர்வுக்கு நான் சொல்லித் தரட்டுமா?"

"உங்க தயவு எனக்குத் தேவையில்ல!"

விறுவிறுவென்று போனவள், கணக்கு வராமல் மறுநாளே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூன்று வாரம், ஒரே மேசையில் எதிரெதிரே. அவள் திட்டுவாள். அவன் "சரிங்க மேடம்" என்று சிரித்தபடி அடுத்த கணக்கைத் தள்ளுவான். சிரிக்கும்போது அந்தக் கண்ணோரம் லேசாகச் சுருங்கி... சே, இதையெல்லாம் ஏன் கவனிக்கிறோம் என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுதேர்வில் பாஸ்! அவனிடம் சொல்ல மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

அவன் முகம் மலர்ந்தது... உடனே வாடியது. "ரொம்ப சந்தோஷங்க. இனிமே நீங்க இங்க வரவேண்டிய அவசியமில்ல..." என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "நில்லுங்க! மூணு வாரமும் எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க? அந்தக் கணக்கு எனக்கு மூணே நாள்ல புரிஞ்சுபோச்சு!"

அவன் குடையோடு திரும்பினான்.

"மிச்ச நாளெல்லாம்... உங்களைப் பாக்கத்தான் வந்தேன். இதையும் நானே வாய்விட்டுச் சொல்லணுமா? மரமண்டை!"