துக்க வீட்டு மரம்

காற்றே இல்லை. கிறிஸ்துமஸ் மரங்களில் ஒட்டியிருக்கும் பஞ்சு பறந்துவிடும் என்று சபைக் கூடத்தின் மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் மூலையில் நின்ற ஒரு சவுக்குக் கிளை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மீனம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவள் வீட்டு மரம்.

சுங்குவார்சத்திரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் சின்ன சபையில் வருஷா வருஷம் டிசம்பரில் மரத் திருவிழா நடக்கும். வீட்டுக்கு ஒரு மரம், ஹாஸ்டலுக்கு ஒரு மரம். மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் சவுக்குக் கிளையை நட்டு, அவரவர் கைக்கு வந்தபடி ஜோடிப்பார்கள். செல்போன் கம்பெனிப் பெண்களின் மரம் சீரியல் பல்புகளால் கண்ணைப் பறித்தது. இருங்காட்டுக்கோட்டை ரூம் பையன்கள் உச்சியில் மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதன்மேல் நட்சத்திரம் ஒட்டியிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டு மரத்துக்கு மட்டும் விளக்கும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு வருபவர்கூட அந்த மரத்தின் முன்னால் ஆடமாட்டார், தாண்டிப் போய்விடுவார். மரியாதைக்காக வந்த வழக்கம்தான். ஊரே மின்னும்போது ஒருத்தியை இருட்டில் நிற்கவைப்பது என்ன மரியாதையோ.

"என்னம்மா, இப்படியே நிக்கிய? செத்த ஒக்காருங்க," என்றாள் வேல்விழி. மாடி ரூமில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தாள்.

"மரம் ஆடிகினு கீது பாரு."

"யாராச்சும் ஒரசிட்டுப் போயிருப்பாவ."

மீனம்மாள் உட்காரவில்லை. கேக்கின் வெண்ணிலா வாசனையும் மெழுகுவத்திப் புகையும் புதுத்துணியின் கஞ்சி வாசனையும் கலந்து கூடம் முழுக்க நிறைந்திருக்க, அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனை மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. ஈர மண். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் போய் உட்காருகிறவளுக்கு அந்த வாசனை தெரியாதா?

அவள் மகன் ஜோயல் போன ஜூனில் செத்துப்போனான். நைட் ஷிஃப்ட் முடித்து வண்டியில் வரும்போது ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரி மோதிவிட்டது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியால் தலையோடு சுற்றிக் கொடுத்தார்கள். புருஷன் இல்லாத வீடு. கொழுந்தன் தணிகாசலமும் நாலு ஆண்களும் வாசலில் நின்று பேசி, பெற்றவள் முகம் பார்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அவள் முன்னால் பெட்டியைக் கடைசிவரை திறக்கவில்லை. பகையாளி வந்து நின்றால்கூட முகம் பார்க்க வழிவிடும் ஊர் அது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜோயல்தான் தாத்தா வேஷம் போடுவான். அந்தச் சிவப்பு உடுப்பையும் பிளாஸ்டிக் முகமூடியையும் ஒரு பையில் போட்டு, அவன் கூட்டாளி ஜெபகுமாரிடம் கொடுத்து, பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே வைக்கச் சொன்னாள். அவளுக்கு விட்டுவைத்தது அந்த ஒரு வேலைதான்.

அப்புறம் மகனின் முகம் அவளுக்கு மறக்க ஆரம்பித்தது. போட்டோவில் பார்த்தால் தெரியும், கண்ணை மூடினால் வராது. மூக்கு வந்தால் வாய் வராது, வாய் வந்தால் கண் இருக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பெற்றவள்தானா நீ என்று கேட்டுவிடுவார்களே. ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் வாய்விட்டு அழுதுவிடலாம். அதுவரை அழக்கூட முடியவில்லை அவளால்.

பாஸ்டர் ஒவ்வொரு குடும்பமாகப் பேர் சொல்ல, ஒவ்வொரு மரமாக விளக்கு எரிந்தது. அவள் பேரைச் சொல்லும்போது எல்லோரும் தலைகுனிந்தார்கள். மூலை இருட்டாகவே இருந்தது.

"தாத்தா! தாத்தா!"

பிள்ளைகள் பின்வாசல் பக்கம் ஓடினார்கள். டிரம் முழங்கியது. மரங்களுக்கு நடுவே சிவப்பாக ஓர் உருவம் வந்தது. வெள்ளைப் பஞ்சுத் தாடி, ரோஸ் கன்னம், சிரித்த வாய்.

ஆனால் ஆடவில்லை. மிட்டாய் வீசவில்லை. கைகொடுக்க ஓடிய பிள்ளைகள் தொட்டதும் பின்வாங்கி, உள்ளங்கையைப் புது கவுனில் துடைத்துக்கொண்டார்கள். கவுனில் சேறு அப்பியது.

ஹாஸ்டல் மரத்தைத் தாண்டியது. ஹெல்மெட் மரத்தைத் தாண்டியது. வெளிச்சத்தில் இருந்த எதன் முன்னாலும் நிற்கவில்லை. நேராக மூலைக்கு வந்தது.

ஜெபகுமார் அதற்குள் ஓடிவந்துவிட்டான். "ஆண்ட்டி, தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த வருஷம் தாத்தா வேணாம்னுதான் சொல்லிட்டோம். எவன் வேஷம் கட்டிகினு வந்தான்னே தெரில. டேய், யார்ரா நீ?"

உருவம் மீனம்மாள் பக்கம் முகத்தைத் திருப்பியது. முகமூடியின் இடது கன்னத்தில் ஒரு நீண்ட விரிசல். உள்ளிருந்து பிளாஸ்திரி ஒட்டி, மேலே ரோஸ் நிறம் தடவிய விரிசல். போன வருஷம் ஒட்டியது மீனம்மாள்தான்.

வேல்விழி அவள் கையைப் பிடித்தாள். "ம்மா... அது என் நெயில் பாலிஷ்லா?"

ஜெபகுமாரின் வாய் கோணியது. அழுதான்.

"நான் அந்தப் பைய அப்டியே வெக்கல ஆண்ட்டி. டிரெஸ்ஸயும் மாஸ்க்கயும் அவனுக்கு மாட்டி வுட்டேன். மூஞ்சின்னு ஒண்ணுமே இல்ல. அப்டியே மூட எனக்கு மனசு வரல."

டிரம் நின்றுவிட்டது. மண் வாசனை மூக்கை அடைத்தது. ஓடிவிடு என்றது உடம்பு. ஓட முடியவில்லை. கோபம் வந்தது. பயம் வந்தது. எல்லாவற்றையும் மீறிக்கொண்டு ஆசை வந்தது.

"வந்துட்டியாடா," என்றாள். "அத கயட்டு. அம்மாக்கு ஒரு தபா காட்டு."

தாத்தா மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"எப்டி இருந்தாலும் நீ எம்புள்ளதான? காட்டுடா."

மறுபடி தலை ஆடியது. ஓரடி பின்னால் போனது. அவமானப்பட்டவன் போல நின்றது. அவள் கெஞ்சினாள். கடைசியில் அது மண்டிபோட்டது. தலை துவட்டிவிட அவள் துண்டோடு வரும்போது ஜோயல் குனிவானே, அப்படிக் குனிந்தது.

"வேண்டாம்மா! வேண்டாம்!" வேல்விழி கத்தினாள்.

மீனம்மாள் எலாஸ்டிக்கை இழுத்தாள். முகமூடி கையோடு வந்தது.

பார்த்தாள்.

கத்தவில்லை. கன்னத்தைத் தடவக் கையை நீட்டினாள். கை உள்ளே போனது. மணிக்கட்டு வரை. முழங்கை வரை. உள்ளே ஈரம். குளிர். தொட எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் எட்டினால் கிடைத்துவிடும். "இரு, இருடா," என்று சொல்லிக்கொண்டே, அந்தச் சிவப்புக் குல்லாய்க்குள் தோள் வரை கையை நுழைத்து அவள் தேடிக்கொண்டிருந்தாள்.