பதினொன்று ஏழுக்கு அடித்த மணி

சனிக்கிழமை காலை, ஈப்போ நகரின் புந்தோங்கில் புனிதாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தினேஸ்வரி அழ ஆரம்பித்துவிட்டாள். காப்புறுதி நிறுவனமொன்றில் இருபது வருடம் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்தே பழகியவள் புனிதா. அழுகிறவர்களை அவசரப்படுத்த மாட்டாள். அவளுடைய கொழுந்தன் சுகுமாரனுக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவன். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அன்றைய சவாரியைக் கைகழுவிவிட்டு அண்ணியின் பின்னால் கிளம்பிவிடுவான்.

"யாருன்னு மட்டும் சொல்லுங்கக்கா, பிடிச்சிட்டு வாரேன்," என்றான், எது காணாமல் போனது என்று கேட்பதற்கு முன்னாலேயே.

ஈப்போவில் ஒரு ரயில் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது தினேஸ்வரியின் வேலை. அங்கிருந்த ஒரு பித்தளை டோக்கனைக் காணவில்லை. முன்பு ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவார்கள். அது கையில் இல்லாமல் ரயில் நகரக்கூடாது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓடி மூடப்பட்ட லெம்பா கிளைப்பாதைக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரே டோக்கன்தான்.

"கண்ணாடி அலமாரி பூட்டுனபடி இருக்குக்கா. சாவி எங்கிட்ட மட்டும்தான். திங்கக்கிழம பத்து மணிக்குள்ள வரலன்னா போலீஸ்ல ரிப்போட்டுன்னு எங்க நிர்வாகி புவான் கிளாரிசா சொல்லிட்டாங்க. வேல போனாக்கூடப் பரவால்ல. திருடின்னு பேரு வாங்கிக்கிட்டு எம்புள்ள மூஞ்சில எப்படிக்கா முழிப்பேன்?"

"முதல்ல எடத்தப் பார்ப்போம்," என்று புனிதா எழுந்தாள்.

அருங்காட்சியக அறையில் கைவிளக்குகள், பச்சை சிவப்புக் கொடிகள், ஒரு பழைய தொப்பி. எதிரெதிர்ச் சுவர்களில் ஆளுயரத்துக்கு இரண்டு சிவப்பு இரும்புப் பெட்டிகள். ஒன்றில் 'லெம்பா' என்றும் மற்றதில் 'புக்கிட் ஆராங்' என்றும் எழுதியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் மணியடித்து விளையாடட்டும் என்று இரண்டையும் பேட்டரி வைத்துக் கம்பியால் இணைத்திருந்தார்கள். அதற்கு மேல் அவை என்ன செய்யும் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பெட்டிகளைக் கவனிக்காமல் சுகுமாரன் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். எதுவும் அசையவில்லை.

புனிதா லெம்பா பெட்டிக்குப் பக்கத்து மேசையைக் குனிந்து முகர்ந்தாள்.

"பித்தளை பாலிஷ் வாடை. டோக்கன் அலமாரியில இல்ல, இந்த மேசையிலதான் இருந்துச்சு. சரியா?"

தினேஸ்வரி தலைகுனிந்தபடி உண்மையைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு டோக்கனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மகன் மயங்கி விழுந்துவிட்டான் என்று பள்ளியிலிருந்து போன் வந்திருக்கிறது. போட்டது போட்டபடி ஓடியவள் இரண்டு மணிக்குத் திரும்பினாள். மேசை காலியாக இருந்தது. பயத்தில் வெறும் அலமாரியைப் பூட்டிவிட்டு, பூட்டியபடியே இருந்தது என்று சொல்லிவிட்டாள்.

"அப்படின்னா ஜாகா மாயாண்டிதான். வாசல்ல அவருதானே காவல்?" என்று சுகுமாரன் துள்ளினான்.

வாசலில் காவலுக்கு நின்ற மாயாண்டி அதைக் கேட்டு முறைத்தார். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க பத்தரைக்கே போயிட்டாங்க. அப்பறம் வந்தது ஒரே ஒரு பெரியவருதான். என்னால வாசல விட்டு நகர முடியாதுலா. ஆனா பிள்ளைங்க போனபெறகும் உள்ள மணி அடிச்சிச்சு. நாலஞ்சு தடவ. பெரியவரு வெளிய வரும்போது கண்ணத் தொடச்சிக்கிட்டே வந்தாரு."

வருகையாளர் புத்தகத்தில் எல்லாரும் பெயரும் ஊரும் எழுதியிருந்தார்கள். கடைசியாக வந்தவர் மட்டும் நிமிடம் பிசகாமல் நேரத்தையும் எழுதியிருந்தார்: 'சன்னாசி, பாகான் செராய், 11.07.'

புனிதா வெள்ளிக்கிழமை வந்த பள்ளியின் முகநூல் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, பிள்ளைகள் லெம்பா பெட்டி முன்னால் நிற்கும் படத்தைக் கொழுந்தனிடம் நீட்டினாள். "பெட்டி நெத்தியில சின்ன ஜன்னல் தெரியுதா? என்ன நிறம்?"

"சிவப்பு."

"இப்ப பாரு."

சுகுமாரன் திரும்பிப் பார்த்தான். வெள்ளை. ஒன்றும் விளங்காமல் தலையைச் சொறிந்தான்.

"நாளைக்கு பாகான் செராய் போலாம்," என்றாள் புனிதா.

"திருடன் அங்கயா அண்ணி ஓடிட்டான்?"

"திருடனே இல்ல சுகு."

திங்கள் காலை பத்து மணிக்கு எல்லாரும் அந்த அறையில் கூடினார்கள். நிர்வாகி கிளாரிசா கையில் ரிப்போர்ட் தாளோடு விறைப்பாக நின்றாள். முந்தின நாள் புனிதா பாகான் செராய் போய் அழைத்து வந்த சன்னாசிக்கு எழுபத்தாறு வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பரீட்சைக்கு வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"புவான், நிமிஷம் எழுதுறது ரயில்காரங்க பழக்கம்," என்று புனிதா நிதானமாகத் தொடங்கினாள். "ஜன்னல் சிவப்பா இருந்தா டோக்கன் பெட்டிக்கு வெளிய இருக்கு, பாதையில ரயில் ஓடுதுன்னு அர்த்தம். வெள்ளைன்னா உள்ள வந்திருச்சு, பாதை காலி. அத எனக்குச் சொன்னதே சன்னாசி ஐயாதான். டோக்கன் மேசையில கெடக்குறதப் பார்த்தா ரயில்காரருக்கு மனசு கேக்காது. எடுத்துப் பெட்டிக்குள்ள போட்டுட்டு மணியடிப்பாரு. டோக்கன் இந்த அறைய விட்டு வெளிய போகவே இல்ல."

சன்னாசி பதறிப்போனார். "நான் எடுத்துக்கிட்டுப் போகலம்மா. இருக்க வேண்டிய எடத்துல போட்டேன், அவ்வளவுதான். லெம்பால இருவத்திரண்டு வருஷம் இதானே எனக்கு வேல?"

"அப்பறம் ஏன் அத்தன தடவ மணியடிச்சீங்க?" சுகுமாரனால் சும்மா இருக்க முடியவில்லை.

"எதுத்தாப்ல இருக்குற அந்தப் பெட்டி என் சிநேகிதன் மத்தியாஸோடது. புக்கிட் ஆராங் ஸ்டேஷன்ல அவன், லெம்பா ஸ்டேஷன்ல நான். போன மாசம் செத்துட்டான். அடிச்சா பதில் மணி வராதுன்னு தெரியும். தெரிஞ்சும் கை நிக்கலப்பா."

இவரைத்தானே திருடன் என்று விரட்டிப் பிடிக்கத் துடித்தோம் என்று சுகுமாரனுக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப எப்படி எடுக்குறது?" என்று கிளாரிசா கேட்டாள்.

"தனியா எடுக்க முடியாது. நான் மணியடிச்சதும் அந்தப் பக்கம் ஒருத்தர் பதிலடிச்சு, பொத்தான அமுக்கிப் பிடிச்சிக்கணும்."

கிளாரிசா தாளை மேசையில் வைத்துவிட்டு, குதிகால் செருப்பு சத்தமிட அறையைக் கடந்து போய் மத்தியாஸின் பெட்டி முன்னால் நின்றாள். சன்னாசி மணியடித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் கீழ் இழுப்பறையை இழுத்தார். டோக்கன் அவர் உள்ளங்கையில் கனமாக விழுந்தது.

தினேஸ்வரி முன்னால் வந்தாள். "மேசையில வச்சிட்டுப் போனது நான்தான் புவான். அலமாரி பூட்டியிருந்துச்சுன்னு பொய் சொன்னேன்."

"பிள்ளைக்கு முடியலன்னா யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. எங்கிட்ட பொய் சொன்னதுதான் தப்பு. இனிமே சொல்லாத," என்றாள் கிளாரிசா. பிறகு பேனாவை எடுத்து அறிக்கையில் ஒரே வரி எழுதினாள்: 'டோக்கன் காணாமல் போகவில்லை, இயந்திரத்தில் சிறு பழுது.'

சன்னாசி அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"ஒரு தடவ டோக்கன உள்ள போடாம மேசையில வச்சிட்டு அசந்து தூங்கிட்டேன். எதிர்ப்பக்கம் ரயிலு நாப்பது நிமிஷம் நின்னு போச்சு. வேல போயிரும்னு நடுங்கிட்டு இருந்தேன். விசாரணையில மத்தியாஸ் இதத்தான் எழுதிக் குடுத்தான், அவன் பெட்டி பழுதுன்னு. பெட்டியச் சரியாப் பாத்துக்கலன்னு அவனுக்கு வரவேண்டிய புரோமோஷன் போயிருச்சு. சாவுற வரைக்கும் எங்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்லம்மா."

சொல்லி முடித்தவர், அத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் பாராமல் அழுதார்.