இறக்கிவைத்த ஆள்

கூடத்துத் தரைப்பலகை முனகியபோது லவீனியா அதன்மேல் நிற்கவில்லை. அடுக்களையில் நின்று பீங்கான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கனத்த கால் ஒன்று ஊன்றி, பாரம் மெதுவாக மறுகாலுக்கு மாறும்போது மரம் விடுகிற நீண்ட முனகல். அவளுக்கு நன்றாகப் பழக்கமான சத்தம். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் அதை எழுப்பியவளே அவள்தான். ஒன்றரை வருஷம் ஆக்லாந்தில் தங்கி, வயிற்றை அறுத்துச் சுருக்கி, எழுபது கிலோவைத் தொலைத்துவிட்டு டோங்காவுக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதத்தில் அந்தப் பலகை அவளை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

"அக்கா, உள்ள வந்தீங்களா?"

"நான் எங்கடி வந்தேன். தின்னது நெஞ்சுல நிக்குது, படியிலயே உக்காந்திருக்கேன்," என்று வாசலிலிருந்து ஏமாவின் குரல் வந்தது.

ஏமா, லவீனியாவின் கணவன் விலியாமிக்கு மூத்தவள். விலியாமி ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போயிருந்தான். அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவன் பிள்ளைக்கு அத்தை வைத்ததுதான் சட்டம்.

லவீனியா தட்டை அலமாரியில் வைக்கத் திரும்பினாள். அவ்வளவுதான் செய்தாள். தன் தோள் முடிகிறதென்று அவள் நினைத்த இடம் வேறு, அது முடிந்த இடம் வேறு. கை அலமாரியைத் தவறவிட்டது. தட்டு தரையில் மூன்றாகப் போனது.

"இந்த வாரத்துல இது எத்தனாவது?"

"நாலாவது."

"இனிமே தேங்காச் சிரட்டையில சாப்பிடலாம், விடு. ஞாயித்துக்கிழமை வேல செய்யக்கூடாது, விளக்குமாத்தத் தொடாத. அப்படியே காலால ஓரமா தள்ளு."

"காலால தள்ளினா நானும் சேர்ந்து விழுவேன்கா."

"விழுந்தா என்ன, சத்தமா வரப்போவுது? ரெண்டு துண்டு மரவள்ளி கூடப் போட்டிருக்கலாம் நீ. காத்தடிச்சா ஃபிஜியில போய்க் கிடப்ப."

லவீனியா சிரித்தாள். சிரிக்கும்போதே இடது இடுப்பைத் தடவிக்கொண்டாள். அங்கே புதிதாக ஒரு கன்றல் இருந்தது. உடம்பு முழுக்க அப்படித்தான். நிலையில் இடிப்பாள். நாற்காலியில் உட்காரப் போய்ப் பின்னால் சாய்வாள். இல்லாத வயிற்றுக்கு இடம் விட்டு மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்பாள், நீட்டிய கை எட்டாமல் குவளையைத் தட்டிவிடும். ஆக்லாந்தில் நடக்கச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் அப்போதே சொல்லியிருந்தாள்: "எழுபது கிலோன்னா அது ஒரு முழு ஆள். ஒரு ஆள வருஷக்கணக்கா சுமந்து பழகின உடம்பு, இறக்கி வச்சா தள்ளாடத்தான் செய்யும். உங்க மூளைக்கு இன்னும் சேதி போகல."

"இறக்கி வச்ச ஆள் எங்க?" என்று லவீனியா கேட்டிருந்தாள். இருவரும் சிரித்தார்கள்.

ஏமா பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் போய்ப் படுக்கிறேன். சேய்னி எங்க?"

"பின்னறையில. தூங்கறா."

"உன் மடிக்கு வந்தாளா?"

லவீனியா குனிந்து தட்டின் துண்டு ஒன்றை எடுத்தாள்.

"வருவா," என்றாள் ஏமா. கேலியெல்லாம் வடிந்த குரல். "பிள்ளைதானே."

அவள் போனபின் ஊர் அடங்கியது. கோயிலுக்குப் போய்வந்து, மண்ணடுப்பைத் திறந்து, சேம்பிலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சியைத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தீவே கண்ணயர்ந்து கிடக்கும். கடை இல்லை, வண்டி இல்லை, கொடியில் ஒரு துணி இல்லை. தகரக் கூரை வெயிலில் நெளிந்து சொடுக்கியது. கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியாக, ஆறிய அடுப்பின் புகையும் பலாயிலைகளின் பச்சை வாடையும் வந்தன. அந்தப் புகைக்குள் இன்னொரு வாடையும் மெல்ல நுழைந்தது.

தேங்காயெண்ணெய். வேர்வையில் கரைந்த பவுடர். மார்புக்கு அடியில் மடிப்பு புண்ணாகாமலிருக்க அவள் போட்டுக்கொள்வாளே, அந்தப் பவுடர். இப்போது அவளுக்கு மடிப்பும் இல்லை, வீட்டில் அந்தப் பவுடரும் இல்லை.

பின்னறையில் யாரோ பேசினார்கள். சேய்னிதான். ஆறு வயதுக் குரல், கிசுகிசுப்பாக, கொஞ்சலாக.

அந்தக் கொஞ்சலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அந்தக் குரலுக்காகத்தான் வயிற்றை அறுத்துக்கொண்டாள். சர்க்கரை காலைத் தின்னத் தொடங்கியிருந்தது. பிள்ளைக்குப் பத்து வயதாவதைப் பார்க்க மாட்டாய் என்று டாக்டர் சொன்னார். பார்க்க வேண்டும் என்று போனாள். திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் நடந்தது இப்போதும் கண்முன் நின்றது.

சாவுக்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் துக்கப் பாயை ஏமா கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஓரமெல்லாம் கிழிந்து மார்புவரை ஏறிய பெரிய பாய். செத்தவருக்கு முறையில் தாழ்ந்தவர்கள்தான் அப்படிக் கிழிந்த பெரிய பாய் கட்டுவார்கள்; தம்பி மனைவி நிஜமாகச் செத்தாலும்கூட ஏமாவின் அந்தஸ்துக்கு அதைக் கட்ட வேண்டியதில்லை, அதுதான் வேடிக்கை. "ஐயோ, என் தம்பி பொண்டாட்டி போயிட்டாளே, அந்த மலைய அங்கயே தொலைச்சிட்டு இந்தக் குச்சிய அனுப்பிட்டாங்களே," என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். சொந்தமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. லவீனியாவும்தான்.

சேய்னி மட்டும் சிரிக்கவில்லை. வாய் கோணிக்கொண்டு அழுதாள். மறுநாள் ஒரு பழைய பாயின் கிழிசலை இடுப்பில் சுற்றி நாரால் கட்டிக்கொண்டாள். அதோடுதான் தூங்கினாள், கோயிலுக்கும் அதோடுதான் வந்தாள். ஊரே அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டது. ஒரே ஒருமுறை லவீனியா அவளை இழுத்து மடியில் உட்கார வைத்தாள். பிள்ளை நெளிந்து இறங்கி, விருந்தாளியிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "உங்க எலும்பு குத்துது."

கூடத்தின் முனைக்கு வந்து நின்றாள் லவீனியா. எட்டடி நடை. அந்தக் கோடியில் பின்னறை, கதவுக்குப் பதில் ஒரு திரை.

"சேய்னி, யார்கூடம்மா பேசற?"

"அம்மாகூட."

"அம்மா இங்க இருக்கேனே."

"எங்க அம்மாகூட."

"செல்லம், அத்தை சும்மா விளையாட்டுக்கு அழுதாங்க. யாரும் சாகல."

"செத்துட்டாங்க. அத்தை பாய் கட்டினாங்க. எல்லாரும் பார்த்தாங்க." பொறுமையாகச் சொன்னாள் பிள்ளை. "ஆனா யாருமே குழி வெட்டல. பாட்டுப் படிக்கல. அவங்க எங்க போவாங்க? வீட்டுக்கு வந்துட்டாங்க."

லவீனியாவின் கை சுவரைத் தேடியது. கொஞ்சம் தள்ளிக் கிடைத்தது.

"அவங்க குத்த மாட்டாங்க," என்றாள் சேய்னி.

லவீனியா நடந்தாள். கால்களை அகட்டி வைத்து, சுவரில் விரல் தொட்டு, நர்ஸ் சொன்னபடி பார்வையை நேரே நிறுத்தி. இரண்டடி. மூன்றடி. பலகை அவளுக்கு முனகவில்லை. நாலாவது அடியில் இடது இடுப்பு இடித்தது.

நிலையில் அல்ல. அங்கே நிலை இல்லை. கூடத்தின் நட்டநடு.

மெத்தென்று இருந்தது. சூடாக இருந்தது.

ஐந்து மாதத்துக் கன்றல்கள் அத்தனையும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எது எங்கே பட்டதென்று. எத்தனை தடவை மன்னிக்கணும் என்று வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள், ஆளில்லாத இடத்தில்.

வெயில் திரை ஓரமாக விழுந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவள் முகத்துக்கு மேலே ஒரு மூச்சு, இழுக்கும்போது சன்னமாய் விசில் அடித்து, விடும்போது தொண்டையில் கரகரத்தது. முன்பெல்லாம் படியேறினால் அவளுக்கு அப்படித்தான் வரும். வந்துகொண்டிருந்தது.

"வழி விடு," என்றாள்.

மூச்சு.

"அவளுக்காகத்தான் உன்ன விட்டேன். உன்கூட இருந்தா செத்திருப்பேன். என் பிள்ளை. எனக்கு வழி விடு."

சூடு விலகியது. ஒரு நிமிஷம் அது தனக்கு இரங்கியதென்றே அவள் நம்பினாள்.

பலகை முனகியது. அவளுக்கு முன்னால், பின்னறைப் பக்கமாக. அடுத்த பலகை. அதற்கடுத்தது. அவசரமில்லாத கால்கள், வீட்டுக்காரியின் கால்கள். காற்றில்லாமல் திரை ஒதுங்கி, அகலமாக ஒதுங்கி, மெதுவாக விழுந்தது. உள்ளே கட்டில் கம்பி இழுபட்டு ஓய்ந்தது. சேய்னி சிரித்தாள். கழுத்தில் முகம் புதைத்தால் பிள்ளைகள் சிரிப்பார்களே, அந்த அமுங்கிய சிரிப்பு.

லவீனியா ஓடினாள்.

ஓட வராது அவளுக்கு. முழங்கால் நினைத்த இடத்தில் இல்லை. தரை எழுந்து வந்தது. தோள். தாடை. திரை அவள் பிடியில் கிழிந்து மேலே விழுந்தது. வலித்தது. சத்தமே வரவில்லை.

எழ முயன்றாள். கை நழுவியது. மறுபடி. மறுபடி. கன்னம் பலகையில் ஒட்டிக் கிடக்க, தலையை மட்டும் திருப்பினாள்.

கட்டில் நடுவில் தரையைத் தொடுமளவு தாழ்ந்திருந்தது. படுக்கையில் யாரும் இல்லை. அந்தப் பள்ளத்துக்கு ஒரு முழம் மேலே, ஒன்றுமில்லாததன்மேல், சேய்னி குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கன்னம் எதிலோ அழுந்திச் சப்பையாகியிருந்தது. நெற்றி மயிர் தானாக ஒதுங்கியது, காதுக்குப் பின்னால் படிந்தது.

"சேய்னி," என்றாள் லவீனியா. "அம்மாகிட்ட வா."

பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து, தரையில் கிடந்தவளைப் பார்த்தாள். கோபமில்லை. விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா பேசுங்க. இப்பதான் தூங்கினாங்க."

கண் மூடிக்கொண்டது. விசிலும் கரகரப்பும் நிதானமாயின. மதிய வெயிலில், சேய்னி அந்த மூச்சின்மேல் மெல்ல உயர்ந்தாள், மெல்லத் தாழ்ந்தாள், மறுபடி உயர்ந்தாள்.