யோகநாதன் மகன் முகுந்தன்

செத்துப்போனவனின் கைப்பேசி எண்ணில் அன்று நான்கு நிமிடம் பதினோரு வினாடிக்கு ஒரு பேச்சு பதிவாகியிருந்தது. வழக்கமாக இருபது வினாடிக்கு மேல் போகாது. அவன் மனைவி ஷாமினி ஜெஞ்சாரோம் கிராமத்திலிருந்து தினமும் மத்தியானம் அழைப்பாள். அந்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் மலாயில் சொல்லும். ஷாமினி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வைத்துவிடுவாள். கைப்பேசியோ ஆறு மாதமாக ஜெயமாலா வேலை பார்க்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடி இரும்பு அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள், பேட்டரி தீர்ந்து கிடந்தது.

ஜெயமாலா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். அதே நான்கு நிமிடம் பதினோரு வினாடி. பெயர்ப்பலகை இல்லாத அந்தக் கட்டடத்தில், அரசாங்க உளவுப் பிரிவுக்காகத் தமிழ்ப் பேச்சுகளை ஒட்டுக்கேட்டு மலாயில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. ஆள் செத்த பிறகும் அவன் எண்ணை எதற்கு ஒட்டுக்கேட்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இலாகாவில் ஒன்றைத் தொடங்க ஒரு கையெழுத்து போதும், நிறுத்தத்தான் ஆள் கிடைக்காது.

அலுப்போடு ஹெட்போனைக் காதில் பொருத்தினாள். முதலில் ஷாமினி வீட்டுச் சத்தங்கள்தான் கேட்டன. தகர ஓட்டில் மழை விழுந்தது, பழைய காற்றாடி ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் முனகியது, தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று கியர் மாற்றி மேடேறியது. அந்த வீட்டைப் பார்க்காமலே அதன் ஒவ்வொரு மூலையும் அவளுக்குத் தெரியும். பிறகு மலாய்க் குரல் வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை. ஒரு நாற்காலி சிமெண்டுத் தரையில் இழுபட்டது. தண்ணீர் சொட்டியது. யாரோ வாயால் மூச்சு விட்டார்கள்.

"என்னங்க? எடுத்துட்டீங்களா? எங்க இருக்கீங்க?"

"தெரியல ஷாமி. பேரத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. யோகநாதன் மகன் முகுந்தன்னு சொல்லிட்டேன். அட்ரஸ் பிரிக்ஃபீல்ட்ஸ்னு எழுதிக்கிட்டாங்க."

"நம்ம வீடு இங்கதானே இருக்கு?"

"சொன்னேன். கேக்க மாட்றாங்க. இன்னைக்கு வீட்டுல விட்டுருவாங்களாம்."

ஜெயமாலா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பது அவள் வீடு.

ஆறு மாதத்துக்கு முன் நடந்தது இதுதான். தடைசெய்யப்பட்ட ஓர் இயக்கத்துக்குச் சாமான் கடத்துகிறவன் யோகநாதன் மகன் முகுந்தன் என்று ஒரு பேச்சில் வந்தது. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அடையாள அட்டையில் இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். பதிவேட்டைத் தட்டினால் மூன்று பேர் வந்து விழுந்தார்கள். ஒருவன் பினாங்கில் பல் டாக்டர். ஒருவன் ஜெஞ்சாரோமில் லோரி ஓட்டுகிறவன். மூன்றாமவன் அவள் வயிற்றில் பிறந்தவன்.

சொந்தக்காரர் பெயர் வந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்தால் மகனை அழைத்துப் போவார்கள். அந்தக் கட்டடத்துக்குள் அழைத்துப் போகப்பட்டவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பட்டியலிலிருந்து மகன் பெயரை அடித்துவிட்டாள். குரல் ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும்; அதற்குள் வேறு யாராவது மூன்றாம் பெயரைப் பார்த்துவிட்டால்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. டாக்டரை விட்டுவிட்டு லோரிக்காரன் பெயருக்கு நேரே குறி போட்டாள். பத்தாம் நாள் அவன் செத்தான். மாரடைப்பு என்று எழுதினார்கள். குரல் பொருந்தவில்லை என்ற தாள் அதற்கு மறுநாள் வந்தது.

தன் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தாள். அவனிடம் கேட்கவில்லை.

அடுத்த அறையிலிருந்து குருவைக் கூப்பிட்டாள். அவளைவிட இருபது வயது இளையவன், மேலதிகாரி. ஹெட்போனை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஒண்ணுமில்லையேக்கா. நம்பர் இல்லைன்னு சொல்லுது, இருபது செகண்ட்தான்."

"குரு, இவர் நாம தேடின ஆள் இல்லைன்னு ஒரு பக்கம் நான் எழுதிக் கொடுத்தா, அந்தப் பொண்ணு தலை நிமிர்ந்து நடக்கும். ஜெஞ்சாரோம் கம்பத்துல அவளைக் கண்டாலே கதவைச் சாத்துறாங்களாம். அவ நம்பரையும்தானே கேக்குறோம், சொந்தக்காரங்ககிட்ட அழுவுறா."

"எழுதலாம். ஆனா எப்படி ஆளைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு முதல்லேர்ந்து கேப்பாங்க. யார் யார் பேரு வந்துச்சு, எல்லாம் தோண்டுவாங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவனுக்குத் தெரியுமோ என்னவோ. "வெள்ளிக்கிழமை வரைக்கும் சமாளிங்க லா. நமக்கெதுக்கு?"

அவன் போனபின் ஒரு தாளை எடுத்தாள். தேதி போட்டாள். 'ஜெஞ்சாரோம் முகுந்தன் குற்றமற்றவர்' என்று ஒரு வரி எழுதினாள். பேனாவை மூடினாள். ஸ்ரீ கெம்பாங்கானில் மகன் தனியாக இருக்கிறான், சமைக்கத் தெரியாது, கடையில்தான் சாப்பிடுகிறான் என்பதெல்லாம் ஞாபகம் வந்தது. தாளை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். ஷாமினியை நினைத்து வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது.

ரயிலில் மகனுக்கு அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கும்போது மழை விட்டு வெயில் சாய்ந்திருந்தது. பூக்கடைகளில் மல்லிகையும் ஈரச் சாக்கும் மணந்தன. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. அடுக்குமாடியின் லிப்டுக்குள் மட்டும் கழிவறை கழுவும் மருந்து வாடை, கூடவே வேறு ஏதோ ஒரு வாடை, பழைய காயத்துக் கட்டுத்துணியை அவிழ்த்தது மாதிரி.

அவள் வீட்டு வாசல்வரை அது வந்தது.

அவள் கணவர் யோகநாதன் கதவைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீர் வர ஏன் இவ்வளவு சுணங்கினீர்? மகன் வந்திருக்கிறான். சாப்பிடுறான்."

நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

சாப்பாட்டு மேசையில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலிக் காலைச் சுற்றித் தண்ணீர். மெதுவாகச் சாப்பிட்டான். மெல்ல முடியாதவன் மாதிரி.

அவன் திரும்பினான்.

லோரிக்காரன் ஃபைலில் பார்த்த முகம். கடைசிப் பக்கத்துப் படத்தில் பார்த்த முகம். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. உதடு கிழிந்திருந்தது.

"வாங்கம்மா," என்றான்.

"இது யார்?" கணவரிடம் திரும்பினாள். "இது யாரப்பா?"

"என்ன கேள்வி இது? பெத்த பிள்ளையைத் தெரியேல்லையோ?" யோகநாதன் அவன் தலையைத் தடவினார். கை ஈரமானது. அவர் அதைப் பார்க்கவில்லை. "நல்லாச் சாப்பிடு ராசா. மெலிஞ்சு போனாய்."

கைப்பையைத் துழாவினாள். கைப்பேசி நழுவியது. பிடித்தாள். மகன் எண். மணி அடித்தது.

எடுத்தார்கள்.

பேசவில்லை. சிமெண்டுத் தரை. நாற்காலி. தண்ணீர். ஓர் ஆண்குரல் மலாயில், பொறுமையாக, பெயர் கேட்டது.

"சொல்லிட்டேனே சார்! யோகநாதன் மகன் முகுந்தன்! எங்கம்மாவக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியும். எங்கம்மாவக் கூப்பிடுங்க..."

அவள் மகன். அவள் மகனேதான். பிறகு குரல் இல்லை. அலறல்.

கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள்.

"யாரப்பா போனிலே?" யோகநாதன் கேட்டார்.

"யாரோ வேற ஆளுப்பா," என்றான் மேசையில் இருந்தவன். "வச்சிருங்கம்மா."

காதில் அலறல் நிற்கவில்லை. அவன் தட்டை அவளிடம் நீட்டினான். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும். தட்டைப் பிடித்திருந்த ஐந்து விரலிலும் நகமில்லை.