பானைக்குச் சாக்குச் சட்டை

பானைத் தண்ணீர் சில்லென்று இல்லை.

கொய்யாப்பழம் விற்கும் கொளஞ்சியப்பன் ஒரு வாய் குடித்ததுமே கீழே துப்பிவிட்டார். "என்ன பாப்பா, டீத்தூள் போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

குவளையை நீட்டிய வேல்விழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளும் ஒரு குவளை மொண்டு குடித்துப் பார்த்தாள். வெயிலில் வைத்த வாளித் தண்ணீர் போல வெதுவெதுவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை வரை பல் கூசும்படி குளிர்ந்திருந்த பானை அது.

பள்ளி வாசலில், பெண்ணாடம் பஸ் வந்து நிற்கும் புங்கமரத்தடியில் அந்தப் பானை இருந்தது. வேல்விழியும் முபாஷிரும் இருக்கும் ஏழாம் வகுப்புச் சேவைக் குழு வைத்தது. பள்ளிக்குள் இருக்கும் குழாயிலிருந்து வாளியில் தூக்கி வந்துதான் அதை நிரப்ப வேண்டும். வருவதற்குள் பாதி தண்ணீர் பாவாடையில் போய்விடும். மரத்தடியிலேயே ஒரு குழாய் இருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் வார்டு கவுன்சிலர் பாஞ்சாலையை அழைத்திருந்தார்கள். இன்று மாலை அவர் வருகிறார்.

"வேற நாளே கிடைக்கலியா இதுக்கு?" என்றான் முபாஷிர். அவன் சோர்ந்துபோய்ப் பானையைப் பார்த்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து அவன்தான் பானைக்குப் பெயிண்ட் அடித்திருந்தான். பளபளக்கும் நீலம். நீலத்தில் ஆரஞ்சு மீன்கள். நடுவில் மஞ்சள் எழுத்தில், 'கவுன்சிலர் அவர்களே வருக'.

அவன் அப்பாவுக்குப் பீங்கான் பொம்மைக் கடை. "மினுக்காத பொம்மைய எங்க கடையில யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. பானையும் அப்பிடித்தான்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தான். பீங்கான் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலத்தில் அதை யார் மறுப்பார்கள்? எல்லோரும் கைதட்டினார்கள்.

மதிய இடைவேளை மணி அடித்ததும் வேல்விழி பானையிடம் ஓடினாள்.

தண்ணீர் அதே குழாய்த் தண்ணீர்தான். மர நிழலும் அப்படியே இருந்தது. காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வீசியது. பிறகு ஏன்?

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். செவலையைக் காணோம். பானைக்கு அடியில் உள்ள ஈர மணலில் எப்போதும் படுத்துக் கிடக்கும் தெருநாய், இன்று சாக்கடை ஓரத்தில் போய்ப் படுத்திருந்தது.

வேல்விழி மணலைத் தொட்டாள். காய்ந்து கிடந்தது. பானையின் வயிற்றைத் தடவினாள். அதுவும் காய்ந்திருந்தது.

சட்டென்று பானையின் பெயிண்ட் அடிக்காத மண் மூடியை எடுத்து நாக்கை நீட்டி நக்கினாள். பிறகு குனிந்து, ஆரஞ்சு மீனையும் நக்கினாள்.

பின்னாலேயே வந்த முபாஷிர் அதிர்ந்துபோனான். "ஏ, எல்லாரும் குடிக்கிற பானை அது. உனக்கு என்ன ஆச்சு?"

"மூடியில நாக்கு ஒட்டுது. மீனுல வழுக்குது."

"மீனுன்னா வழுக்கத்தான் செய்யும்."

வேல்விழி சிரிக்கவில்லை. அவள் அம்மாவுக்குப் பீங்கான் பட்டறையில் வேலை. சுட்ட பொம்மைகளைக் கிளேஸ் என்ற கரைசலில் முக்கி எடுத்து, மறுபடி சூளைக்கு அனுப்புவார். சின்ன வயதில் முக்காத பொம்மை ஒன்றை வேல்விழி நக்கியபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவை நாக்கின் ஈரத்தை உறிஞ்சிவிட்டன என்று அம்மா அப்போது சொன்னார். கிளேஸ் அந்தத் துளைகளை மூடிவிடும்.

"பானையிலயும் அந்தத் துளைங்க இருக்குது, முபாஷிர். அது வழியாத்தான் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசியும். காத்து அதைக் காயவைக்கும். காயும்போது பானையோட சூட்டையும் எடுத்துட்டுப் போயிரும். குளிச்சிட்டு வந்து காத்துல நின்னா உனக்கு நடுங்கும்ல, அதே மாதிரி."

முபாஷிரின் முகம் வெளுத்தது. "அப்ப என் பெயிண்ட்டுதான்..."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. ஒரு ஓட்டுச் சில்லைப் பொறுக்கி வந்து பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினான். வேல்விழி அவன் கையைப் பிடித்தாள்.

"சுரண்டாத, மீனு அழகா இருக்குது. தண்ணி உள்ளேயிருந்து கசியலன்னா நாம வெளியேயிருந்து நனைப்போம்."

சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு காலி கோணிச்சாக்கு வாங்கி வந்தாள். அதை நனைத்துப் பானையைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள். பானையில் பாதித் தண்ணீரை மட்டும் வைத்தார்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் சீக்கிரம் குளிரும்.

சிவசங்கரி டீச்சர் வந்து பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கவுன்சிலருக்கு எழுதின வரவேற்பு எங்க? அய்யோ, சாக்குக்குள்ளயா?"

"பெயிண்ட் மூடினதாலதான் தண்ணி சூடாயிடுச்சு. இப்ப ஈரச் சாக்கு குளிர வைக்கும், டீச்சர்" என்றாள் வேல்விழி.

டீச்சர் ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சாக்கு காயாம பாத்துக்குங்க" என்றார்.

மாலையில் பாஞ்சாலை வந்தார். புங்கமரத்தடியில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்ற பானையைப் பார்த்துத் திகைத்தார். "இந்த வெயில்ல இதுக்கு என்ன குளிரா?"

வேல்விழி ஒரு குவளை தண்ணீரை நீட்டினாள்.

பாஞ்சாலை குடித்தார். நிறுத்தாமல் குடித்தார். குவளையைத் திருப்பி நீட்டி, "இன்னொண்ணு குடு கண்ணு" என்றார். "சாக்கு எதுக்குன்னு யாராவது சொல்லுங்க."

வேல்விழி முபாஷிரைப் பார்த்தாள். அவன் முன்னால் வந்தான். பெயிண்ட் அடித்தது, துளை அடைபட்டது, தண்ணீர் சூடானது, வேல்விழி மீனை நக்கியது என எதையும் விடாமல் சொன்னான். சாக்கின் ஓரத்தைத் தூக்கி மஞ்சள் எழுத்துகளையும் காட்டினான்.

"எனக்கு வரவேற்பு எழுதப் போயா ஊருக்குச் சுடுதண்ணி?" பாஞ்சாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குழாய் போட்டுத் தர்றேன். இனிமே எழுதணும்னா ஒரு பலகையில எழுதுங்கடா."

பத்து நாளில் புங்கமரத்தடிக்குக் குழாய் வந்தது. முபாஷிரின் மீன்கள் இப்போது மரப்பலகையில் நீந்துகின்றன. பானைக்கு இன்னும் சாக்குச் சட்டைதான். சட்டை காய்ந்தால் நனைக்கிறார்கள். தண்ணீர் சில்லென்று இருக்கிறது. செவலை ஈர மணலுக்குத் திரும்பி வந்துவிட்டது.