கிண்ணத்தின் அடியில் ஒரு பூ

கிடா விற்ற காசு அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. இன்று தமாலே நகரச் சந்தையில் தண்ணீர் வடிகட்டி வாங்கியே ஆக வேண்டும். இந்த மழைக்காலத்தில் மட்டும் தம்பி நபாரிக்கு மூன்று முறை வயிற்றுப்போக்கு. குளத்துத் தண்ணீரை இனி அப்படியே கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

"தப்பா வாங்கிட்டோம்னா விக்க இன்னொரு கிடா இல்லப்பா" என்றாள் வும்பினி. அவளுக்குப் பதினொரு வயது. தோளில் மஞ்சள் கேன் தொங்கியது. வழியில் குடிக்க எடுத்து வந்த குளத்துத் தண்ணீர், டீ நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

"கல்லு உடைக்கிறவனுக்கே புத்தி சொல்றியா? நல்ல கல்லு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"கல்லு தெரியும். மெஷின் தெரியுமா?"

"வாயாடி!"

சந்தை முனையில் பெரிய கூட்டம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேசைமேல் பளபளவென்று மூன்று குழாய் வைத்த மெஷினை நிறுத்தியிருந்தார். மேலே வாளித் தண்ணீரை ஊற்றினார். கீழே பளிங்கு போலக் கொட்டியது. கூட்டம் கைதட்டியது.

அப்பாவின் கண்கள் மெஷினை விட்டு நகரவில்லை. "இதை வாசல்ல வச்சா ஊரே வந்து பார்க்கும்!" கை சட்டைப்பைக்குள் போய்விட்டது.

வும்பினி மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். வெட்டிக் காலியாக்கிய குடிநீர்ப் பாக்கெட்டுகள் குவியலாகக் கிடந்தன.

அவள் கேனை மேசைமேல் 'டொம்' என்று வைத்தாள். "அண்ணே, எங்க தண்ணிய ஊத்திக் காட்டுங்க."

அவர் பதறிப்போனார். "ஐயோ, சேறு! மெஷின் அடைச்சுக்கும். எடு பாப்பா! இதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

பக்கத்தில் கிழங்கு விற்கும் ஒரு அம்மா இடுப்பில் கை வைத்தார். "நல்ல தண்ணி இருந்தா நானே குடிச்சிட்டுப் போறேன். உன் மெஷின் எனக்கு எதுக்குய்யா?"

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அப்பாவின் கை வெறுமனே வெளியே வந்தது.

எதிர் வரிசையில், வடிகட்டி விற்கும் அசாரா அக்காவின் கடை. அங்கே மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு மண்பானை, கீழே ஒரு குழாய். பார்க்க அழகாக ஒன்றும் இல்லை.

"அக்கா, இதுல எங்க குளத்துத் தண்ணி ஊத்தலாமா?"

"அதுக்குத்தானே வச்சிருக்கேன்." அக்கா கேன் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பானைக்குள் ஊற்றினார். "களிமண்ணுல உமி கலந்து சுட்டது. உமி எரிஞ்ச இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. தண்ணி நுழையும், அழுக்கு நுழையாது."

"அடைச்சுக்கிட்டா?"

"பிரஷ் தரேன். தேச்சு விடு."

சொட்டு... சொட்டு...

"ஆட்டுக்கு மூக்கு ஒழுகற மாதிரியில்ல ஒழுகுது!" என்றார் அப்பா.

"நாம போய்ச் சாப்பிட்டு வருவோம்ப்பா. அதுவும் அதோட வேலையப் பார்க்கட்டும்."

சோளக்களி சாப்பிட்டுத் திரும்பினார்கள். அசாரா அக்கா குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்தார். முதல் வாயை அவரே குடித்தார். மிச்சத்தை அப்பா வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மெதுவாகக் குடித்தார்.

"இது நம்ம குளத்துத் தண்ணியா?"

"நம்ம குளமேதான்!"

வாங்கிய வடிகட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வும்பினி ஊருக்குள் நுழைந்தாள். வழியெல்லாம் அப்பாதான் பேசினார். "எம்பொண்ணு கேட்ட ஒரே கேள்வியில வெள்ளைச் சட்டை கடையக் கட்டிட்டான்!" வெள்ளைச் சட்டைக்காரர் கடையைக் கட்டவில்லைதான். வும்பினி திருத்தவில்லை.

சாயங்காலம் நபாரியின் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவன் உள்ளே பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஏமாத்தறே! தண்ணியே ஊத்தல. அடியில பூ தெரியுது!"

சொன்னவன் கிண்ணத்தை அப்படியே கவிழ்த்தான். தண்ணீர் மொத்தமும் அவன் மடியில் கொட்டியது.

அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வும்பினி கிண்ணத்தை வாங்கி மறுபடியும் நிரப்பினாள். அந்தச் சிவப்புப் பூ தண்ணீருக்குள் பளிச்சென்று இருந்தது.